பத்தொன்பது எழுத்துகள்

எனக்கு எபிரேய மொழியில் பத்தொன்பது எழுத்துகள் தெரியும். மொத்தம் இருபத்திரண்டு. மீதி மூன்றை நான் படிக்கவில்லை. கையில் இருக்கிற போனில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்று என் மகன் சொல்கிறான். பார்க்க மாட்டேன்.

சர்க்கரைக்கு ஒன்று, ரத்தக்கொதிப்புக்கு ஒன்று என்று வேளைக்கு வேளை டப்பாவைத் திறக்கும் வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். போன வாரம் பூங்கா பெஞ்சில் உங்களில் ஒருத்தி, "ரெண்டு நாளா மாத்திரைய நிறுத்திப் பார்த்தேன், உடம்பு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா" என்று சொன்னாள். நான் கத்திவிட்டேன். நடைப்பயிற்சிக்காரர்கள்கூட நின்று பார்த்தார்கள். ஏன் அப்படிக் கத்தினேன் என்று நீங்கள் கேட்டதற்கு அன்று பதில் சொல்லவில்லை. இந்த விஷயம் எனக்கு வாயில் வராது. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னிடம் யாரும் இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்குப் பத்து வயது. ஆவடிக்கு வெளியே முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் சிமெண்ட் ஷீட் போட்ட ஒன்றரை அறை வீடு. அப்பாவைப் பெற்றவர் அதே ஊரில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வரப்பு வெட்டியவர். அப்பாவுக்கு ராணுவ டாங்கி ஃபேக்டரியில் நிரந்தர வேலை. காக்கிச் சட்டையும் சைக்கிளும் அவருக்குப் பெரிய பெருமை. ராணுவ வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் நாட்களில் தரை அதிர்ந்து, எங்கள் அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தில் நாங்கள் படித்தோம், தூங்கினோம், சண்டை போட்டோம்.

அக்காவுக்குப் பதினெட்டு வயது. பத்தாவது பரீட்சை எழுதும்போதுதான் அவளுக்கு முதன்முதலாக வலிப்பு வந்தது. விடைத்தாள் மேலேயே விழுந்தாளாம். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் இல்லை. வலிப்பு வரும்போது அம்மா சாவிக்கொத்தை அவள் கையில் திணிப்பாள். அப்பா குறி கேட்டார், தாயத்துக் கட்டினார், தர்காவில் மந்திரித்த தண்ணீர் வாங்கி வந்தார். கடைசியாகத்தான் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டரம்மா சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகளைக் கொடுத்து, "ஒரு வேளைகூட விடக் கூடாது, நீங்களா நிறுத்தவே கூடாது" என்று அப்பாவிடம் இரண்டு முறை சொன்னார். நானும் கூட இருந்தேன். அப்பா இரண்டு முறையும் தலையாட்டினார்.

மாத்திரை வேலை செய்தது. வலிப்பு நின்றே போனது என்று சொல்லலாம். ஆனால் அக்கா எந்நேரமும் தூங்கி வழிந்தாள். கூப்பிட்டால் சற்றுக் கழித்துத்தான் திரும்புவாள். சாப்பிடும்போதே கண் செருகும். "நோவும் போச்சி, பொண்ணும் போச்சி" என்று அப்பா வாசலில் நின்று யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது. அக்காவுக்கும் கேட்டிருக்கும்.

அப்போதுதான் அப்பாவோடு வேலை செய்கிறவர் ஒருவர் எங்களை ஒரு ஜெபவீட்டுக்கு அழைத்துப் போனார். அதை நடத்தியவரை எல்லோரும் ஐயா என்பார்கள். விமானப்படை முகாமில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை. காணிக்கைகூட வற்புறுத்திக் கேட்க மாட்டார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

வேதத்தில், அதாவது பைபிளில், மிக நீளமான சங்கீதம் ஒன்று உண்டு. இருபத்திரண்டு பாகம். ஒவ்வொரு பாகத்தின் தலையிலும் ஓர் எபிரேய எழுத்தின் பெயர் தமிழில் அச்சாகியிருக்கும். ஆலெப், பேத், கிமெல், டாலெத் என்று ஜெபவீட்டுச் சனங்கள் பாட்டாகவே ஒப்பிப்பார்கள். பெயர் எல்லோருக்கும் தெரியும், உருவம் ஒருவருக்கும் தெரியாது. ஐயாவிடம் மட்டும் உருவம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்த பாடத்தோடு கிடைத்த ஓர் அட்டை. கறுப்பு எழுத்துகள் நான்கு வரிசை, அடியில் உச்சரிப்பு. பாலிதீன் உறை போட்டு, துண்டில் சுற்றி வைத்திருந்தார். ஒரே ஒரு பாடம்தான் அவருக்கு வந்திருந்தது, அடுத்த பாடம் வரவேயில்லை, அந்த மொழியில் ஒரு வார்த்தைகூட அவருக்குத் தெரியாது என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

ஐயா அப்பாவுக்கு ஒரு வழி சொன்னார். இருபத்திரண்டு நாள் நேர்ச்சை. நாளுக்கு ஓர் எழுத்து. காலையில் பல்லில் ஒன்றும் படுவதற்கு முன், வயதுக்கு வராத பிள்ளை ஒன்று அன்றைய எழுத்தை இருபத்திரண்டு முறை எழுத வேண்டும். அப்பா முழங்காலில் நின்று அந்த எழுத்தின் பாகத்தை வாசிக்க வேண்டும்.

"ஆண்டவரோட சொந்த பாஷைம்மா இது. நம்ம பாஷையில கேட்டா வரிசையில நிக்கணும். இதுல கேட்டா நேரா போவும்" என்றார் ஐயா அம்மாவிடம். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஆனா மாத்திரையும் விசுவாசமும் ஒரே வாயில போவாது, தெரிஞ்சிக்க" என்றார்.

"நடுவுல வலிப்பு வந்துட்டா?" என்று அம்மா கேட்டாள்.

"மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதுக்கு முந்தி பொண்ணு மூணு நாளு பச்சத் தண்ணி இல்லாம உபவாசம் இருக்கணும். எய்தற கையையும் மாத்திடணும், வேற புள்ள எய்தணும்."

எழுதுகிற கை என்னுடையது. அதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் இடக்கைக்காரி. பள்ளிக்கூடத்தில் அதற்காக வாங்கிய அடிக்குக் கணக்கில்லை. ஸ்கேலின் விளிம்பால் முட்டியில் போடுவார் டீச்சர். "சோறு துன்ற கை எது, கழுவற கை எது" என்று வகுப்பு முழுக்கச் சிரிக்கும். இடக்கையால் மைப் பேனா பிடித்துத் தமிழ் எழுதினால், எழுதியதன் மேலேயே கை ஊர்ந்து போகும். என் சுண்டுவிரல் பக்கம் எப்போதும் நீலமாக இருக்கும். நோட்டும் அப்படித்தான். அம்மாகூட யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் எனக்குப் பேனாவை இடக்கையில் தருவாள்.

ஐயா என்னை எழுதச் சொன்னபோது பழக்கத்தில் இடக்கை முன்னால் போய்விட்டது. அப்பா கையை ஓங்கிவிட்டார். ஐயா தடுத்தார். "வுடுப்பா. இந்த பாஷை வலதுலேர்ந்து எடதுக்கு போவுது. இந்தப் புள்ளையோட கை இதுக்குன்னே வெச்சது" என்றார். ஜெபவீட்டில் அத்தனை பேரும் என் கையைப் பார்த்தார்கள். ஒரு கிழவி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பத்து வயதில் எனக்கு அது என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்பா மாத்திரைப் பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்து, ரயில்வே லைன் ஓரம் வீசிவிட்டு வரச் சொன்னார். மறுநாள் ஆலெப்.

அந்த அட்டை எங்கள் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கியது. மண்ணெண்ணெய்ப் புகையில் பாலிதீன் உறை மூன்றே நாளில் மங்கிவிட்டது. ஈரத்துணியால் அதைத் துடைப்பது அக்காவின் வேலை. அவளுக்கு எழுத அனுமதியில்லை, ஆனால் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. எந்தக் கோட்டை முதலில் இழுப்பது, எங்கே பேனாவைத் தூக்குவது என்று நாங்கள் இரண்டு பேருமே பேசி முடிவு செய்தோம். தலைகீழாகக்கூடப் போட்டிருப்போம், யார் கண்டது.

அட்டையில் எழுத்துகளின் தலை எல்லாம் தடித்து, இடுப்பு மெலிந்து இருக்கும். எங்கள் பேனாவில் அது வராது. அக்கா தென்னை ஈர்க்கைச் சீவி, நுனியைத் தட்டையாக்கி, மையில் தோய்த்துத் தந்தாள். வந்துவிட்டது. பேத் ஒரு வாசல் போல வலப்பக்கம் மூடி இடப்பக்கம் திறந்து நின்றது. வௌ வெறும் ஆணி. யோட் சிந்திய ஒரு சொட்டு மை, அவ்வளவுதான். "இதுக்கு இருபத்திரெண்டு வாட்டியா? ஏமாத்து வேலடி" என்று அக்கா சிரித்தாள். என் கை எழுத்தை விட்டு விலகி விலகிப் போனது. நோட்டில் ஒரு தீற்றல் இல்லை. சுண்டுவிரல் சுத்தமாக இருந்தது. நான் அதை அடிக்கடி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா சிரித்தாள் என்றேன் அல்லவா. அதுதான் விஷயம். நான்காவது, ஐந்தாவது நாளிலிருந்து அவள் மாறத் தொடங்கினாள். தூக்கம் விலகியது. பேச்சில் இருந்த இழுவை போனது. காலையில் எனக்கு முன்னால் எழுந்து வாசல் தெளித்தாள். ஏழாவது நாள் தெருக்குழாயில் எவளோடோ சண்டை போட்டுவிட்டு வந்தாள். அம்மா அந்தச் சண்டையைக் கேட்டு அழுதேவிட்டாள், சந்தோஷத்தில். அப்பா ஜெபவீட்டில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். ஐயாவுக்கே கண் கலங்கியது. மாத்திரையின் மந்தம்தான் இறங்குகிறது, அடக்கி வைத்திருந்த நோய் இனிமேல் வரும் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்குத் தெரியும்? நாங்கள் கண்ணால் பார்த்தது அற்புதத்தை. இன்றைக்கும் எனக்கு அவர்கள் மேல் முழுசாகக் கோபப்பட முடியாமல் போவது இந்த இடத்தில்தான்.

அக்காவுக்குத் திட்டங்கள் வந்துவிட்டன. "முடிஞ்ச ஒடனே டைப்ரைட்டிங் கிளாஸுக்கு போவேன். அப்பா சரின்னுட்டாரு. அம்பத்தூர் எஸ்டேட்ல எவ்ளோ கம்பெனி கீது" என்பாள். விரல்களைத் தரையில் தட்டிக் காட்டுவாள்.

பன்னிரண்டாம் நாள் லாமேட். மற்ற எழுத்துகளைவிட உயரமாகக் கோட்டைத் தாண்டி நிற்கும். அன்று சனிக்கிழமை. மத்தியானம் அப்பா இல்லை, அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். அக்கா எனக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். பின்னலில் இருந்த கை திடீரென்று இறுகியது. முடியோடு என்னையும் இழுத்துக்கொண்டு அவள் சாய்ந்தாள். பிடியை விடுவிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. நாக்கைக் கடித்திருந்தாள். பாவாடை நனைந்துவிட்டது.

தெளிந்ததும் அவள் முதலில் கேட்டது, "யாரு பாத்தா?"

"நான் மட்டும்தான்."

"சொல்லாதடி. சொன்னீன்னா மூணு நாளு தண்ணிகூட காட்ட மாட்டாரு. மறுபடி மொதல்லேர்ந்து. உன் கையையும் மாத்திடுவாங்க. இன்னும் பத்தே நாளுதான். ஒண்ணும் ஆவாது."

நான் சொல்லவில்லை. அக்கா கெஞ்சினாள் என்பதற்காக என்று எத்தனையோ வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். கையை மாற்றிவிடுவார்கள் என்றாளே, அதுதான் முதலில் என் காதில் விழுந்தது. ஜெபவீட்டில் இன்னொரு பெண் இருந்தாள், ஒன்பது வயது, அழகாக எழுதுவாள். அவள் கையை அந்தக் கிழவி கண்ணில் ஒற்றிக்கொள்வதை நான் கற்பனை செய்துகூடப் பார்த்துவிட்டேன். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பீர்கள். எனக்குத் தெரியும். டாக்டரம்மா சொன்னபோது நானும்தானே அங்கே இருந்தேன்.

பதினாறாம் நாள் மறுபடி வந்தது. இந்த முறை வீட்டுக்குப் பின்னால், துணி காயும் கொடிக்கு அடியில். கொஞ்ச நேரம்தான், ஆனால் மறுபடி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கு அம்மா அக்காவுக்குக் காரக்குழம்பு ஊற்றாமல் மோர் விட்டுப் பிசைந்து கொடுத்தாள். அம்மாவுக்கு எப்படித் தோன்றியது என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் கோப். அதற்கு ஒரு கால் கோட்டுக்குக் கீழே இறங்கும். இருபத்திரண்டும் எழுதி முடித்து ஈர்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா முழங்காலிலிருந்து இன்னும் எழவில்லை. அக்கா அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்தாள். காபி அப்பாவின் முதுகில் கொட்டியது.

வழக்கமாக வந்து நின்றுவிடும். அன்று நின்றது, மறுபடி வந்தது. நடுவில் அவள் கண் திறக்கவேயில்லை. மூன்றாவது, நான்காவது என்று வந்துகொண்டே இருந்தது. அம்மா சாவிக்கொத்தைத் திணித்தாள், தூர எறிந்தாள், மறுபடி எடுத்துத் திணித்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போலாங்க."

"இன்னும் மூணே எய்த்துமே" என்றார் அப்பா. "பிசாசு போவும்போதுதான் இப்டி ஆட்டும். ஐயா வரட்டும்."

ஐயா அன்றைக்குப் பூந்தமல்லியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அவரை அழைத்துவரப் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் போனார். ஃபேக்டரியில் காலைச் சங்கு ஊதியது. அப்பா வேலைக்குப் போகாமல் இருந்த நாளை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. ஐயா வரவில்லை. அம்மா மறுபடி ஒருமுறை சொன்னாள், அப்புறம் சொல்லவில்லை. அக்காவின் உதடு நீலமாக மாறிய பிறகுதான் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். யாரோ வேன் பிடித்துக் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா. ஊசி போட்டுக்கொண்டே, "மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"குட்த்தோம்மா" என்றார் அப்பா.

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். மூன்று பேரும் அங்கே இருந்தோம், மாத்திரையை நிறுத்தியதை ஒருவரும் சொல்லவில்லை. மத்தியானம் அக்கா இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஐயா வீட்டுக்கு வந்தார். அப்பா என் நோட்டை அவர் முன் வைத்தார். ஐயா ஒவ்வொரு பக்கமாக விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. "எய்த்துல ஒரு கொறையும் இல்லியே" என்றார். நோட்டை மூடி வைத்துவிட்டு, "அப்போ அந்தப் பொண்ணுதான் இன்னாவோ மறைச்சிருக்கு. மறைச்ச பாவம் ஒண்ணு கீது" என்றார்.

அப்பா அக்கா படுத்த பாயைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. செத்தவளை இவர்கள் கிளறப் போகிறார்கள் என்று புரிந்தது. கிளறினால் பன்னிரண்டாம் நாளும் வெளியே வரும், நானும் வெளியே வருவேன் என்பதும் புரிந்தது.

"நான்தான்" என்றேன். "ஒருநாள் எழுதறதுக்கு முந்தி பசி தாங்காம பொறை துன்னுட்டேன்."

டீயில் தோய்த்துத் தின்கிற பொறை. வாயில் வந்த முதல் பொய் அது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தபோது அப்பாவின் முகத்தில் கோபமே இல்லை. பாரம் இறங்கிய முகம். ஆண்டவர் மேலும் தப்பில்லை, அவர் மேலும் தப்பில்லை. ஐயா என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, அட்டையைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

அப்பா என்னை மன்னித்துவிட்டார். அதுதான் கொடுமை. வருடா வருடம் ஜெபவீட்டில் எழுந்து நின்று சாட்சி சொல்வார்: "என் சின்னப் பொண்ணு பசி தாங்காத செஞ்ச தப்பு, நான் மன்னிச்சிட்டேன், ஆண்டவரும் மன்னிச்சிடுவாரு." நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம், "மொதல்ல அவளுக்குப் போடு, அது பசி தாங்காது" என்பார். அன்பாகத்தான் சொல்வார். கல்யாணமாகி நான் முகப்பேருக்கு வந்த பிறகும், எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் கணவரிடம் அதையே சொன்னார். என் கணவர் சிரித்துக்கொண்டே எனக்கு முதலில் பரிமாறுவார். அந்தச் சோறு எனக்கு எப்படி இறங்கியிருக்கும் சொல்லுங்கள்.

அப்பா போய் ஐந்து வருடம் ஆகிறது. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். நான் பூங்காவில் கத்திய அன்று, வீட்டுக்கு வந்து அதை அவளிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வீசிட்டு வான்னு சொன்னாரே, நான் வீசல" என்றாள்.

"எதைம்மா?" என்றேன்.

"அந்த மாத்திரதான். பருப்பு டப்பாக்குள்ள வெச்சிருந்தேன். தெனம் எடுத்துப் பாப்பேன். பால்ல கரைச்சி குட்த்துடலாம்னு."

"ஏம்மா குடுக்கல?"

"அவ சிரிச்சிகினு இருந்தாளே" என்றாள் அம்மா. "ரெண்டு வர்சம் தூங்கிகினே கெடந்த பொண்ணு. சண்டல்லாம் போட்டுச்சே. குட்த்தா மறுபடி தூங்கிடும்னு..."

கீரைத் தண்டுகளை ஒதுக்கிவைத்தாள். நானும் என்னுடையதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லாதது.

"நான் அன்னிக்குப் பொறை தின்னலம்மா."

"தெரியும்" என்றாள். "அந்த மாசம் நம்ம ஊட்ல பொறையே வாங்கல."

அவள் கீரையைக் கழுவ எழுந்து போனாள். தெரிந்தும் ஏன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால், பொறை தின்னவில்லை என்றால் வேறு எதை மறைத்தாய் என்று அவள் திருப்பிக் கேட்பாள்.